எட்டாவது தம்ளருக்குப் பிறகு

ஹெய்கிக்கு நான்கு லிட்டர்.
எனக்கு இரண்டு சின்னப் புட்டிகள்.
நாளைக் காலை தார்த்து ஆஸ்பத்திரியில்
அடுத்தடுத்த கட்டில்.
அப்பாவின் குடல் எழுதிவைத்த உயில்.

"எலுமிச்சைச் சுவையாம்" என்கிறான் போனில்.
"எலுமிச்சையைக் கண்ணால் பார்க்காதவன்
காய்ச்சியிருக்கிறான்."
என்னுடையது
இருமல் மருந்தில் கடலைக் கரைத்த மாதிரி.

அவனுக்குக் கால் மணிக்கொரு தம்ளர்.
எனக்கு ஒன்றை முடித்து,
மேலே தண்ணீர், இன்னும் தண்ணீர்.
பாதி இன்றிரவு, பாதி விடியுமுன்.
"கொடுத்துவைத்தவள் நீ" என்றேன் எனக்கே,
அவன் சொல்லுமுன்.

"நானும் சின்னதுதான் கேட்டேன்,
என் கிட்னிக்கு அது ஆகாதாம்."

எட்டாவது தம்ளருக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில்
வானிலை சொல்வதுபோல் சொல்கிறான்.

கிட்னியா? எப்போதிருந்து?

"இரு, வந்துவிட்டது."

போன் மேசையில் விழுகிறது.
நாற்காலி உருள்கிறது.
ஆற்றுக்கு அந்தக் கரையில்,
ஐந்தாவது மாடியில்,
குளியலறை விளக்கு எரிகிறது.
இடையில் எமயோகி, உறைந்தும் உறையாமலும்.

அப்பாவை யாரும் கேட்கவில்லை
லிட்டரா புட்டியா என்று.
இரண்டு வருஷம்
சீமைச்சோம்புத் தேநீர் குடித்துக்கொண்டு
ஒன்றுமில்லை, வாயு என்றார்.

நாங்களும் அவர் பிள்ளைகள்தான்.
ஒன்றுமில்லை என்று சொல்ல
நன்றாகவே தெரியும்.

விளக்கு அணையவில்லை.
"ஹெய்கி" என்றேன் வெறும் மேசையிடம்,
"கிட்னியைப் பற்றி முழுசாகச் சொல்,
காலைவரை நேரமிருக்கிறது."

அதற்குள் எனக்கும் வயிறு கூப்பிட்டது.
போனை வைக்காமல் ஓடினேன்.