கழுகாக நடித்தவன் சொன்னது

மஞ்சக்குப்பத்தில் எங்கள் பள்ளிக்கூடம்.
ஆண்டுவிழாவுக்கு நாடகம்: மழைக்காடு.
ஜாகுவார் வேஷத்துக்கு அடிதடி.
அனகோண்டாவுக்கு ஏழு பேர் போட்டி,
ஏழு பேரையும் கோத்து
ஒரே பாம்பாக்கிவிட்டார் எஸ்தர் டீச்சர்.
எனக்கு ஹார்ப்பி கழுகு.
ஸ்லாத்துக்கு மட்டும் ஆளில்லை.

"வசனமே கிடையாதாம்."
"ஓடவும் கூடாதாம்."
"தலைகீழாத் தொங்கணுமாம், அவ்ளோதான்."

தில்லைவாணி கை தூக்கினாள்.
கை மேலே போய்ச் சேர்வதற்குள்
மணி அடித்துவிட்டது.

கேள்வி கேட்டால்
மறுநாள்தான் அவளிடமிருந்து பதில் வரும்.
"சாக்குல ஏன் பச்சைச் சாயம் பூசுறே?"
திங்களன்று கேட்டேன்.
செவ்வாயன்று சொன்னாள்:
"சாயமில்லை, பாசி.
ஸ்லாத்தோட முடியில ஈரம் தங்கும்,
ஈரத்துல பாசி வளரும்,
பாசிக்கு நடுவுல அந்துப்பூச்சி குடியிருக்கும்.
அது ஒரு மிருகம் இல்ல,
கிளையில தொங்குற ஒரு தெரு."

"மரத்தை விட்டு இறங்கவே இறங்காதா?"
இதற்கு வெள்ளிக்கிழமை வரை ஆனது.
"இறங்கும்.
வாரத்துக்கு ஒரு தடவை.
ஆய் போக."

வகுப்பே உருண்டு சிரித்தது.
அவளுக்குச் சிரிப்பு வந்தது
மதியச் சாப்பாட்டின்போதுதான்,
முருங்கைக்கீரையை
ஒவ்வோர் இலையாக மென்றுகொண்டிருந்தாள்.
"ஸ்லாத் தின்ன இலை செரிக்க
ஒரு மாசம்கூட ஆகுமாம்" என்றாள்,
யாரும் கேட்காமலே.
பிறகு,
"ஆனா தண்ணியில விட்டா வேகம்.
நம்ம கெடிலத்தைக்கூட நீந்திக் கடந்துடும்."

கார்த்திகையில் விழா வேண்டாம் என்று
வாட்ச்மேன் மகிமைராஜ் அப்போதே சொன்னார்.
யார் கேட்டார்கள்?

மேடையின் இந்தக் கோடியிலிருந்து
அந்தக் கோடிவரை ஒரு மூங்கில்.
கீழே மெத்தை.
விரலுக்கு ஒன்றாக
கைக்கு மூன்று அட்டை நகங்களுடன்
முதல் காட்சியிலேயே தொங்கத் தொடங்கிவிட்டாள்.
நாடகம் முடிவதற்குள் மறுகோடி போக வேண்டும்,
அதுதான் அவளுடைய மொத்த வேஷம்.

பழைய குடைத்துணி இறக்கைகளை விரித்து
நான் பாய்ந்து வந்தேன்.
"எங்கே என் இரை?"
மேடையை ஒரு சுற்று, இன்னொரு சுற்று.
அசைவதைத்தானே கழுகு பிடிக்கும்?
அவள் அசையவில்லை.
மூங்கில் தெரிந்தது, இலை தெரிந்தது,
பச்சையாய் ஏதோ தெரிந்தது.
தில்லைவாணி தெரியவில்லை.
முன்வரிசையில் கைதட்டினார்கள்,
நான் பிரமாதமாக நடிக்கிறேனாம்.
சத்தியமாக நான் நடிக்கவில்லை.

அப்போதுதான்
தேவனாம்பட்டினத்துப் பக்கமிருந்து
கடலைத் தூக்கிக்கொண்டு வந்தது மழை.
ஷாமியானா தொப்பை போட்டது.
மைக் கர்ரென்றது, கரண்ட் போனது.
முதலில் ஓடியது ஜாகுவார்.
அனகோண்டா ஏழு துண்டாகி
ஏழு பக்கம் ஓடியது.
கழுகும் ஓடியது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆபீஸ் ரூம் வாசலில்
எஸ்தர் டீச்சர் தலைகளை எண்ணினார்.
ஒன்று குறைந்தது.

திரும்பி ஓடினேன்.
மூங்கிலில் ஒரு கை.
கொஞ்ச நேரம்.
இன்னொரு கை.
சாக்கு நார்களை
வயிற்றிலிருந்து முதுகுப் பக்கமாகச்
சீவித் தைத்திருந்தாள்.
தொங்குகிறவள் மேல் விழுந்த மழை
வகிடு பிரிந்து, வழுக்கி,
முதுகு வழியே கீழே சொட்டியது.
நிஜ ஸ்லாத்துக்கும் அப்படித்தானாம்.
நான்தான் அதைக் கேட்கவே இல்லை.

"வாணி! மழைடி! இறங்குடி!"

ஒரு கை.
கொஞ்ச நேரம்.
இன்னொரு கை.

மறுகோடிக் கம்பத்தை அவள் தொட்டபோது
பார்க்க இருந்தது நானும்
மெத்தையில் ஏறிப் படுத்திருந்த ஒரு நாயும்.
நான் இறக்கைகளை அடித்துக் கைதட்டினேன்.
தப் தப் என்று தண்ணீர் தெறித்தது.

மறுநாள் மழை விடுமுறை.
அதற்கடுத்த நாளும் கலெக்டர் விடுமுறை விட்டார்.
மூன்றாம் நாள்
வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்று
மெல்லச் சொன்னாள்:
"மழைக்காட்டுல மழை வந்தா
எதுக்குடா இறங்கணும்?"

நான் இன்னும் பதில் சொல்லவில்லை.
என்ன அவசரம்?