கழுத்து வரை மண்

வில்லாபுரத்தில் எங்கள் ஜன்னலுக்கு
நாளொன்றுக்கு நாற்பது நிமிட வெயில்.
அதைத் தொட்டுவிடத்
தவித்து, வெளிறி, நூலாய் நீண்டு
டீ கப் விளிம்பில் தலை சாய்த்துவிட்டன
தக்காளி நாற்றுகள்.

ஈர்க்குச்சி முட்டுக் கொடுத்தேன்;
குச்சியும் சேர்ந்து சாய்ந்தது.
மேசை விசிறியை ஒன்றில் ஓடவிட்டேன்.
"செடிக்கா காத்து? நான் வேர்த்து ஊத்துறேன்"
என்றார் சோணைமுத்து.

கடைசியில்
பால் பாக்கெட்டில் செம்மண் நிரப்பி
இலைக்கழுத்து வரை புதைத்தேன்.
தக்காளிக்குப் புதைந்த தண்டெல்லாம் வேர்.
கூட இருந்த கத்தரிக்கு
அந்தக் கொடுப்பினை இல்லை.
இரண்டு அழுகின.

மொட்டைமாடிக்கு ஏற்றிய முதல் நாள்
சித்திரை வெயில்
இத்தனை நாள் கேட்டதை
மொத்தமாய்க் கொடுத்துவிட்டது.
கொடியில் காய்ந்த
சோணைமுத்துவின் வேட்டியை உருவி
மேலே போர்த்திவிட்டு வந்தேன்.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.