பின்வரிசை, திரியெஸ்தே

நாற்பத்தொரு படங்கள்.
பொன் விதானம் எல்லாவற்றிலும் கலங்கியிருக்கிறது;
இல்போவின் கை டிம்பனிக்குப் பழகியது,
கேமராவுக்கு அல்ல.

எட்டு நகரம், எட்டு அரங்கு.
அவன் கண்டதெல்லாம் வயலின்காரர்களின் பிடரி.
இங்கே தேவதைகளுக்கும் முதுகுதான்:
பூச்சில்லாத பலகை, ஆணி,
சாய்த்து வைத்த ஒரு துடைப்பம்.
"அதை எடுக்காதே, அது என்னுடையது"
என்றாள் நீவெஸ்.
எடுத்துவிட்டான்.

ஒன்று மட்டும் துல்லியம்.
முரசுகளுக்குப் பின்சுவரில்
பென்சில் கோடுகள், ஐந்தைந்தாக.
எவனோ, எந்தப் போருக்கு முன்னோ,
தன் முறை வரும்வரை
மௌனத்தை எண்ணியிருக்கிறான்.

லுப்லியானா ரயிலில் பெரிதாக்கிப் பார்க்கிறான்:
எழுபத்து மூன்று.
கடைசிக் கட்டில் மூன்றே கோடு.
சரியாக நுழைந்தானா,
கோட்டை விட்டானா?

பெட்டியில் எல்லாரும் தூங்குகிறார்கள்.
இல்போவின் விரல்
முழங்காலில்
நான்காவதைத் தட்டுகிறது.