9.40 நடை

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
சான் லூசியோ கவுண்டி, போக்குவரத்து ஆணையம்.
மூன்றாம் மாடியில் காபி
எப்போதும் ஆறித்தான் இருக்கும்.

வோஸ்கானியன் திரையில் கணக்கு காட்டுகிறாள்:
ஒரு பேருந்து ஒரு மணி நேரம் ஓட
நூற்றெண்பது டாலர்.
கடையில் யார் எதை வாங்கினாலும்
டாலருக்கு அரை சென்ட் நமக்கு.

அவள் சொல்லாததை
ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.
என் மகனுக்கு வாங்கிய
அறுபது டாலர் காலணி:
ஆறு நொடி.
அவன் ஒரு காலுக்குக் கயிறு கட்டுவதற்குள்
தீர்ந்துபோகும் பேருந்து.

அந்த அரை சென்ட்டும் மார்ச்சோடு முடிகிறது.
நீட்டிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.
நூற்றுக்கு அறுபத்தாறு பேர் சரி என்றார்கள்.
அதற்கு இங்கே தோல்வி என்று பெயர்.

வாஷிங்டன் பணம் இருக்கிறது.
அது பேருந்து வாங்கித் தரும்,
ஓட்டுகிறவருக்குச் சம்பளம் தராது.
பன்னிரண்டு புது மின்பேருந்துகள் பணிமனையில்,
இருக்கை உறைகூடப் பிரிக்காமல்.
யானை வாங்கியாயிற்று,
அங்குசத்துக்குத்தான் காசில்லை.

வரைபடத்தில் 27-ஆம் தடம்
மஞ்சள் புள்ளிக்கோடாக மாறிவிட்டது.
இரவு நடைக்குச் சராசரி பதினொரு பேர்.
பதினொன்று என்பது அட்டவணையில்
சிவப்பு.

பொதுமக்கள் கருத்து. ஆளுக்கு இரண்டு நிமிடம்.
யூலாலியா ப்ராகமோன்டெஸ், பாதாம் உடைக்கும் ஆலை.
ஸ்பானிஷில் அவர் ஒரு வாக்கியம் சொல்ல,
மொழிபெயர்ப்பாளர் ஒரு வாக்கியம் சொல்ல,
கடிகாரம் இரண்டையும் தின்றது.

"அரைநாள் கூலியை விட்டு வந்திருக்கிறேன்.
எனக்கு இங்கே ஓட்டு இல்லை.
ஆனால் சோப்பு வாங்குகிறேன், வாளி வாங்குகிறேன்,
செருப்பு வாங்குகிறேன்.
ஆலையில் ஷிஃப்ட் முடிவது 9.25.
அதற்குப் பிறகு அந்தச் சாலையில்
வருகிற ஒரே வெளிச்சம்..."

மணி அடித்தது.
தலைவர் ரட்டக் நன்றி சொன்னார்,
மனதாரத்தான் சொன்னார்.
இரண்டு நிமிடம்:
பேருந்துக் கணக்கில் ஆறு டாலர்.

பிறகு ஒரு திருத்தம், திருத்தத்துக்கு ஒரு திருத்தம்,
ஒலிவாங்கி ஒருமுறை செத்துப் பிழைத்தது.
வோஸ்கானியன் தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அந்தப் புள்ளிக்கோடு அவள் போட்டதுதான்.

9.31-க்கு யூலாலியா எழுந்தார்.
நாற்காலி கிறீச்சிட்டது. மேலங்கியைக்கூடப் போடாமல்
கையில் சுருட்டிக்கொண்டு கதவைத் தள்ளினார்.
முடிவு தெரிய வேண்டாமா என்று
மொழிபெயர்ப்பாளர் பின்னாலேயே போய்க் கேட்டார்.
பேருந்து போய்விடும், என்றார்.

குறிப்பில் இதற்கு இடமில்லை.
எழுதியது இவ்வளவுதான்:
பொதுமக்கள் கருத்து, ஒருவர்.
தீர்மானம் நிறைவேறியது, ஐந்துக்கு இரண்டு.
நேரம் 9.52.

27 அப்போது
ஆற்றுப் பாலத்தைத் தாண்டியிருக்கும்.