கழுத்தில் இரண்டு ஆணிகள்

ஏப்ரல் நடுவில்
கல்லாவேசி ஏரியின் பனிக்கட்டி பொய் சொல்லத் தொடங்கும்.
மேலே வெள்ளை. காலுக்கு உறுதி.
அடியில் மட்டும், பாலில் ஊறிய ரொட்டி.

ரைலிக்கு ஐம்பத்து மூன்று வயது.
குவோப்பியோ நகரில் பேருந்து ஓட்டுகிறாள்.
வீட்டு ஜன்னல் விளிம்பில் பதினொரு புத்தகங்கள்,
எல்லாம் தன்னைத் தானே தூக்கி நிறுத்துவது பற்றி.
ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சூரியன் உதிக்கிறது.
ஒன்றில்கூட மேகம் இல்லை.
ஒவ்வொன்றிலும் முப்பதாம் பக்கத்தருகே
ஒரு பழைய பயணச்சீட்டு செருகியிருக்கிறது.
அவளுக்கு அவற்றில் நினைவிருப்பது ஒன்றுதான்:
முன்னே பார்.

அந்த ஞாயிறு
தோளில் துளைக்கருவி, வாளியில் தூண்டில்,
கழுத்தில் மரப்பிடி போட்ட இரண்டு ஆணிகள்,
ஆரஞ்சுக் கயிறு, கயிற்றில் ஒரு சின்ன விசில்.
பெட்ரோல் பங்கில் எட்டு யூரோ.
காபிக்குக் காசு கொடுக்கும்போது
கை தானாக எடுத்தது.

பனி உடைந்தபோது சத்தம்கூட இல்லை.
உட்காரப் போகையில் யாரோ
நாற்காலியை இழுத்துவிட்டதுபோல.

முதல் மூச்சு உன்னுடையது அல்ல,
குளிருடையது.
இரண்டாவதும்.
மூன்றாவதுக்குக் காத்திருக்க வேண்டும்.

எதிரே கரை, பைன் மரங்கள், அவளுடைய சிவப்புக் கார்.
பதினொரு சூரியன்களும் அந்தப் பக்கம்தான்.
அவள் திரும்பினாள்.
வந்த வழிக்கு.
அதுவரை அவளைத் தாங்கிய பனி
முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

ஆணிகள் வந்த அட்டையின் பின்புறம்
பொடி எழுத்தில் நாலு வரி:
திரும்பு.
காலை உதை.
குத்து, இழு.
எழுந்து நிற்காதே.
எழுதியவர் பெயர் இல்லை.

எழுந்து நிற்காதே.
இதை அவளிடம் யாரும் சொன்னதேயில்லை.
வயிற்றால் நகர்ந்தாள், உருண்டாள்,
நாற்பது மீட்டர், ஒரு ஏரிச் சீல்போல,
மூக்கில் சளியும் வாயில் கெட்ட வார்த்தையுமாக.

தன் கையே தனக்கு உதவி என்கிறோம்.
கை இருந்தது, பத்து விரலும் இருந்தன,
கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு.
கைக்கு ஒரு பிடி தேவைப்பட்டது.
அந்த மரத்தை யாரோ கடைந்திருந்தார்கள்.
அந்த நாலு வரிக்காக
ஏதோ ஒரு குளிர்காலத்தில்
யாரோ திரும்பி வராமல் இருந்திருக்க வேண்டும்.

செவ்வாய் மாலை, தேவாலயத்தின் கீழ்த்தளம்.
குடியை விட்ட ஒன்பது பேர், ஒன்பது நாற்காலி.
காபி எப்போதும்போல் கசப்பு.
ரைலி சொல்லி முடித்தாள்.
யாரும் கைதட்டவில்லை, அங்கே அது வழக்கமில்லை.
வெய்யோ மட்டும் விலை கேட்டான்.

அப்புறம் ஆவ்லிஸ், குழாய் பழுது பார்ப்பவன்,
இருநூற்றுப் பதினாலு நாளாகக் குடிக்காதவன்:
"விசிலை ஊதினியா?"

"ஞாபகமே வரலை."

அறையில் வெப்பக் குழாய் டக் டக்கென்றது.
ஆவ்லிஸ் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னான்:
"இங்க யாருக்குத்தான் வந்துச்சு?"

மறுநாள், விடியாத ஆறு மணி,
பாலத்தருகே சிவப்பு விளக்கு.
கண்ணாடியில் பார்த்தாள், வண்டி காலி.
சட்டைக்குள்ளிருந்து கயிற்றை இழுத்து
சும்மா, மெதுவாக,
ஒரே ஒரு முறை ஊதிப் பார்த்தாள்.

கடைசி இருக்கையின் மறைவில்
தூங்கிக்கொண்டிருந்த ஒரு பையன்
திடுக்கிட்டு எழுந்து,
தலைமயிர் ஒரு பக்கம் நட்டுக்கொண்டு நிற்க,
கேட்டான்:
"என்ன வேணும்?"