ஏழுக்கொரு கதவு

முத்தூருக்குத் தெற்கே மூன்று மாதம் தங்கினேன்.
யார் யாருக்குப் பங்காளி, யார் மாமன் மச்சான்,
எந்த வளவுக்கு எந்தக் குழாய்,
எல்லாம் கோடு போட்டு வரைந்தேன்.
துளசிமணி வீட்டு ஆட்டுக்குட்டியின் பெயர்கூட
குறிப்பேட்டில் இருக்கிறது.
துளசிமணிக்கு நேரே
‘வெளியூர் வேலை’ என்று மட்டும்.

திருப்பூருக்கு வேறு முறை.
ஏழுக்கொரு கதவு, ஆளுக்குப் பதினோரு நிமிடம்.
பெயர் வேண்டாம், எண் போதும்.
அண்டை வீட்டாரைத் தெரியுமா?
ஆம். இல்லை. ஓரளவு.

லைன் வீட்டில் நாற்பத்து மூன்றாம் எண்
கதவைத் திறந்து சிரித்தது.
“ஏனுங், நீங்களா? உள்ள வாங்க.”
துளசிமணி. தலைமுடியெல்லாம் பனியன் பிசிறு.
ஆறு நாள் ஓவர்லாக்,
சனி ராத்திரி கடைசி பஸ்ஸுக்கு ஊர்.

கேள்வியைக் கேட்டேன்.
“பக்கத்துல ஒரிசாக்காரப் பொண்ணுங்.
அவ பேச்சு எனக்குத் தெரியாது, என்ற பேச்சு அவளுக்கு.
காய்ச்சல்னா கஞ்சி காச்சிக் குடுத்துக்குவோம்.
ஊர்ல பக்கத்து வீடு பங்காளிதான்.
தடத்துச் சண்டையில பேச்சு நின்னு
ஒம்பது வருசமாச்சுங்.”

பேனா கொஞ்சம் நின்றது.
‘ஓரளவு’ என்று குறித்தேன்.
எந்தப் பக்கத்து வீட்டை என்று
படிவம் கேட்கவில்லை.

முத்தூர் வரைபடத்தில்
அந்தப் பங்காளிக்குப் போட்ட கோடு
ரொம்ப அழுத்தமானது.
ஸ்கேல் வைத்துப் போட்டது.