கைவிட்டால் நிற்பது

ஹௌகெசுண்ட் துறைமுகத்தில்
ஜன்னலில்லாத ஒரு கண்டெய்னருக்குள்
மேசைமேல் மூன்று பொருள்கள்.
வெளியே மழை. நான்கு நாளாக அதே மழை.

நானூற்றுப் பத்து மீட்டர் ஆழத்தில்
மஞ்சள் எந்திரம் ஒன்று
கைக்காகக் காத்திருக்கிறது.
எந்தக் கை என்று சொல்லத்தான்
என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

முதலாவது, பிள்ளைகள் வீடியோ கேம் ஆடும் பிடி.
இரண்டு கட்டைவிரல் போதும்.
எய்ன்டிரிட் அதை எடுத்து
ஐம்பதே நொடியில் வால்வைப் பிடித்துவிட்டான்.
அவன் காப்பியில் இன்னும் ஆவி.
அவன் வளர்ந்ததே அதில்தான்.
நான் எடுத்தேன்.
எந்திரத்தின் கை சலாம் போடுவதுபோல் எழுந்து
தன் விளக்கையே இடித்துக்கொண்டது.
யாரும் சிரிக்கவில்லை,
சிரித்திருக்கலாம்.

அடுத்தது ஜாய்ஸ்டிக்.
தள்ளுகிற அளவுக்கு வேகம்.
விட்டால் சுருள்வில் அதை நடுவுக்கு இழுத்துக்கொள்ளும்.
இருபது வருடம் பிடித்த பிடி;
ரப்பரில் என் கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம் உண்டு.
ஆனால் வாய் திறக்காது.
பாறையில் முட்டினாலும் பஞ்சில் முட்டினாலும்
எனக்கு வந்து சேர்வது ஒரே மௌனம்.

பிறகு அந்தக் குட்டிக் கை.
தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உண்டு.
இங்கே நான் மடக்கினால் அங்கே மடங்கும்,
அங்கே தட்டினால் இங்கே என் விரலில் தட்டும்.
"கனத்தில் பத்தில் ஒரு பங்கு
உங்கள் கைக்கு வரும்" என்றாள்
விற்க வந்த ஹெர்போர்க்,
ஏதோ தள்ளுபடி சொல்வதுபோல.

சேறு கிளம்பியது. திரை முழுக்கப் பழுப்பு.
கண்ணை மூடிப் பார்த்தேன், வித்தியாசமில்லை.
வால்வின் விளிம்பு தானாக விரலுக்கு வந்தது,
இருட்டில் சாவித்துவாரம் அகப்படுவதுபோல.
கால் சுற்று.
அரைச் சுற்று.
இறுகியது.
இத்தனை வருடம் பார்த்துக்கொண்டே இருந்த கடலடியை
அன்றைக்குத்தான் தொட்டேன்.

அப்புறம் தும்மினேன்.

நானூற்றுப் பத்து மீட்டர் ஆழத்தில்
அதுவும் தும்மியது.
வால்வின் கைப்பிடி இரண்டு விரற்கடை வளைந்தது.
சோதனைக்கென்று இறக்கிய வால்வுதான், நஷ்டமில்லை.
ஆனாலும் எய்ன்டிரிட்
காப்பியைக் கீழே வைத்தான்.

இரவு அறிக்கை எழுத உட்கார்ந்தேன்.
மனிதரிடம் கைவிடுவது குற்றம்.
கருவியிடம் அதைத்தான் கேட்கிறோம்:
நான் கைவிட்டால் நின்றுவிடு,
அந்த இடத்திலேயே, அப்படியே,
என்னைத் தேடாமல்.

எழுதினேன்:
வலப்பக்கம் குட்டிக் கை.
அதன் பிடியில் ஒரு பொத்தான் வேண்டும்,
மெல்ல அழுத்தியிருக்கும் வரைதான் அதற்கு உயிர்.
விரலை எடுத்தாலும் நிற்கட்டும்,
பயந்துபோய் இறுக்கினாலும் நிற்கட்டும்.
தும்மலில் மனுஷி எதைச் செய்வாள் என்று
யார் கண்டது.
இடப்பக்கம் பழைய ஜாய்ஸ்டிக், எந்திரத்தை ஓட்ட.
கேமராவைத் திருப்ப, விளையாட்டுப் பிடி;
அது எய்ன்டிரிட்டுக்கு.
விலை என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
அதை நிரப்ப வேறு ஆட்கள் இருக்கிறார்கள்,
அவர்களுக்குக் கட்டைவிரல்களே போதும் என்று தோன்றலாம்.

பசித்தது.
குளிர்பெட்டியைத் திறந்து
பாலை எடுத்தேன்.
ஒரு லிட்டர்தான்.
என்ன கனம்,
பத்தில் பத்துப் பங்கும்.